மூக்கு வரைக்கும் வந்த முகம்

இந்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. புதிதாக ஃபைபர் இழுக்க வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். இழையை எப்படி ஒட்டுவது, எந்தத் தெருவில் எந்த மாடிக்காரர் ஏணி சாத்த விடமாட்டார் என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்கு நான் வேண்டாம். நான் கெடுத்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி தூக்கினேன். லாரி கிளீனராக விசாகப்பட்டினம் வரைக்கும் போனேன். பம்பாயில் இரண்டு மழைக்காலம் இருந்துவிட்டு மஞ்சள் காமாலையோடு திரும்பினேன். எந்த வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம், ஒரு எஸ்.டி.டி. பூத்தில் மின்விசிறி மாட்டப் போனேன். மாட்டி முடித்ததும் பூத் ஓனர், "கம்ப்யூட்டர் தெரியுமா உனுக்கு?" என்றார். தெரியும் என்றேன். அதுவரை நான் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அங்கே மட்டும் மூன்று வருஷம் இருந்தேன்.

பூத்தின் பின்பக்கம் ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர். அதுதான் பிரவுசிங் சென்டர். வெளியே பலகையில் 'இன்டர்நெட்' என்று எழுதியிருந்தோம். பாதிப்பேர் அது என்ன கோச்சிங் கிளாஸ் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பூத்துக்கும் சென்டருக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். யாராவது வெளிநாட்டுக்குப் பேச வந்தால் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். அவர் பேசி முடித்த பிறகு மறுபடி டயல் பண்ண வேண்டும். மூன்று தடவை முயன்றால் ஒரு தடவை கிடைக்கும். மழை பெய்தால் தெருமுனைப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி லைன் கரகரவென்று இரைக்கும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசையில் நின்று உறுமினால் மேஜையே நடுங்கும். இப்போது நீங்கள் வீட்டு வாசலில் ஒரு இழையை மாட்டிவிட்டு, ஸ்பீட் கம்மியாக இருக்கிறது என்று திட்டு வாங்குகிறீர்கள். நான் ஒரே ஒரு போட்டோ முழுதாகத் திறக்காமல் ஏழு வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருந்தவன்.

அந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளில் ஆண்கள் கப்பலுக்குப் போயிருந்தார்கள். டெக்கில் வேலை, இன்ஜின் ரூமில் வேலை, வளைகுடாவில் இழுவைப் படகில் வேலை. அவர்கள் கரை இறங்கிய ஊர்களில் ஈமெயில் வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் ஒரு விலாசம் தேவைப்பட்டது. ஒரு விலாசம் உண்டாக்க ஆங்கிலத்தில் நீளமாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நடுவில் லைன் போனால் மறுபடி முதலிலிருந்து. துறைமுகத்து கன்டெய்னர்களில் எழுதியிருப்பதைப் படித்தே ஆங்கில எழுத்துக் கற்றவன் நான். ஒரு படிவத்தை நிரப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது. அதனால் ஒரே ஒரு விலாசம் எடுத்தேன். அது முழுத் தெருவுக்கும். கப்பலில் இருப்பவர்கள் அதற்கு எழுதுவார்கள். தலைப்பில் வீட்டுக்காரியின் பெயரைப் போடுவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அந்தப் பெண் வரும்போது திறந்து படித்துக் காட்டுவேன்.

இதில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பெயருக்கு உரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கடிதத்தைத் திறப்பேன். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுவதை நான் தனியாகப் படித்துவிட்டு, அவள் வரும்போது தெரியாதவன் மாதிரி நடிக்கக் கூடாது என்று நானே போட்டுக்கொண்ட சட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தேசம்மாக்கா மீன் விற்பவர். காசிமேட்டில் எடுத்து கல்மண்டபம் மார்க்கெட்டில் கூடை வைப்பார். அவர் மகன் ஏழுமலை ஒரு சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போயிருந்தான். ஏழுமலைக்குத் தமிழ்தான் எழுத வரும். கூட வேலை செய்த ஒருவர் அவனுக்காக அடித்துக் கொடுப்பார். மாதம் ஒன்று என்று ஆறு கடிதம் வந்தது. அந்த ஆள் ஒப்பந்தம் முடிந்து இறங்கிவிட்டாராம். அதோடு கடிதம் நின்றது. கம்பெனிக்குப் போன் பண்ணினால், கப்பலை விற்றுவிட்டோம், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கப்பல் எங்கே, மகன் எங்கே, உயிரோடு இருக்கிறானா, எதுவும் தெரியாது.

அப்படி எட்டு மாதம் போன பிறகு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் ஏதோ வெள்ளைக்காரப் பெயர். தலைப்பில் தேசம்மா என்று இருந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. ஒரே ஒரு போட்டோ.

அந்தக் காலத்தில் போட்டோ மேலிருந்து கீழே, கோடு கோடாக இறங்கும். நடுவில் லைன் போனால் மறுபடி முதல் கோட்டிலிருந்து. வெள்ளிக்கிழமை மீன் ஓடாது என்பதால் தேசம்மாக்காவுக்கு அன்றுதான் ஓய்வு. வளைகுடாவிலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அங்கே இருப்பவர்களோடு பேச பூத்தில் கூட்டம் அன்றுதான் அதிகம். முதல் வெள்ளி வானம் வந்தது, தலைமுடி வந்தது, ஓனர் லைனைத் துண்டித்தார். அடுத்த வெள்ளி நெற்றி வந்தது. நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு.

"அவன்தான் நைனா! கில்லி ஆடி ஒடச்சிகினான், எட்டு வயசுல. எம்புள்ளதான்!" என்று தேசம்மாக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அதற்கப்புறம் வாரா வாரம் இதே கதை. மீன் கூடை இல்லாமல், தலை சீவி, பவுடர் போட்டு வருவார். தடுப்புக்கு அப்பாலிருந்து ஓனர் கேட்பார்: "இன்னா தேசம்மா, உம்புள்ள எது வரிக்கும் பொறந்துகீறான்?"

"கண்ணு வந்துச்சு. மூக்கு வந்துகினே கீது. நீ லைனைப் புடுங்காம இரு, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"வாரா வாரம் தலைலேர்ந்து பொறந்தா நான் இன்னா பண்றது? இங்க துபாய்க்குப் பேசணும்னு நாலு பேர் நிக்கிறான்."

எல்லாரும் சிரிப்பார்கள். தேசம்மாக்காவும் சிரிப்பார். மூக்கோடு லைன் போய்விடும். ஏழு வெள்ளியும் மூக்கைத் தாண்டவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பூத் காலியாக இருக்கும். அப்போது அந்தப் படத்தைத் திறந்து, முழுதாக இறக்கி, கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. ஆள் இல்லாமல் திறக்க மாட்டேன் என்ற சட்டம். "அக்கா, நீ இல்லாதப்ப திறக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சரி என்றிருப்பார். அந்த வெள்ளைக்காரப் பெயருக்கே, படத்தைச் சின்னதாக்கி அனுப்புங்கள், இவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லுங்கள் என்று பதில் போட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. அனுப்பியதை வாங்குவது மட்டும்தான் என் வேலை என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கஜேந்திரன் என்று ஒருவர், அதே தெரு. அவரும் கப்பல்காரர். பதினோரு மாதமாகக் கப்பல் கிடைக்காமல் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். பம்பாய் ஏஜென்ட் கப்பல் இருக்கிறது, மெயில் அனுப்புகிறேன் என்று சொல்லி நாலு நாள் ஆயிற்று. மெயில் வரவில்லை. அன்றைக்கு மதியம் நனைந்துகொண்டு வந்து எங்கள் பூத்திலிருந்தே பம்பாய்க்குப் போன் போட்டார். பேசிக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"ரெண்டு வாட்டி அனுப்பிச்சாங்களாம் மாமு. திரும்பிப் போய்டுச்சாம். இப்ப மறுபடி அனுப்புறானாம். நாலு மணிக்குள்ள பதில் போடலன்னா அடுத்த ஆளை ஏத்திடுவானாம்."

மணி மூன்று பத்து. டயல் பண்ணினேன். நாலாவது தடவை கிடைத்தது. பெட்டி திறந்ததும் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அந்த வரி ஒரு வாரமாகவே வந்துகொண்டிருந்தது. நான் விளம்பரம் என்று நினைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தால்தான் எனக்குப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. கஜேந்திரன் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஃபுல்லுன்னு போட்டுகீது. பொட்டி ரொம்பிடுச்சாம். புதுசு எதுவும் உள்ள வராதாம்."

இன்று உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அந்தப் பெட்டிக்குள் அடங்காது. அவ்வளவு சின்னப் பெட்டி. எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தேன். கடிதங்களெல்லாம் துக்கடா. தேசம்மாக்கா பெயரில் இருந்த படம் மட்டும் பெரியது.

ஓனர் தடுப்பின் மேல் தலையை நீட்டினார். "அது தேசம்மா புள்ள படமாச்சே. ஒரு வார்த்தை கேட்டுகினு செய். மார்க்கெட்லதான் இருப்பா."

மார்க்கெட் போய்த் திரும்ப இருபது நிமிஷம். மழை கொட்டுகிறது. லைன் எந்த நொடியும் போகலாம். பூத்தில் மூன்று பேர் போனுக்குக் காத்திருக்கிறார்கள்.

"மாமு, தலைல கை வெச்சிடாத மாமு," என்றார் கஜேந்திரன். அவர் கை ஐஸில் ஊறி வெளுத்திருந்தது. அது கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நான் அழித்தேன்.

பெட்டி இன்னும் ஃபுல் என்றது. ஓரத்தில் குப்பைத் தொட்டி படம் போட்ட இடத்தில் ஏதோ எண் இருந்தது. தொட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் தள்ளிவிட்ட விளம்பரக் குப்பை எல்லாம் அங்கே குவிந்து கிடந்தது. நூற்றுக்கணக்கில். தூக்கிப் போட்டால் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை, தொட்டியில் கிடப்பதும் பெட்டியின் இடத்தைத்தான் தின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டு என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். குப்பை போயிற்று. குப்பையின் மேல் ஒரு நிமிஷத்துக்கு முன் நான் போட்ட ஏழுமலையும் போனான்.

பெட்டி முக்கால்வாசி காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குப்பையை முதலில் கொட்டியிருந்தால் போதும். அந்தப் படத்தின் மேல் கை வைத்திருக்கவே வேண்டாம்.

மூன்றரைக்கு ஏஜென்ட்டின் மெயில் வந்தது. கஜேந்திரன் இரண்டு விரலால் பதில் அடித்தார். லைன் தாங்கியது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தெய்வம் மாமு நீ," என்றார். ஓனர் என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தேசம்மாக்கா வந்தார். லைன் இல்லை என்றேன். அடுத்த வெள்ளியும் லைன் இல்லை என்றேன். அன்றைக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். மூன்றாவது வெள்ளி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படம் முழுசா வேணாம் நைனா. மூக்கு வரிக்கும் வரும்ல, அத்தைக் காட்டு. பாத்துட்டுப் போறேன்."

சொன்னேன். கஜேந்திரன் வந்தது, மழை, பெட்டி நிறைந்தது, குப்பை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் இல்லாம தொறக்க மாட்டேன்னு சொல்லுவியே நைனா," என்றார். "நான் இல்லாம அழிச்சிட்டியே."

எழுந்து போய்விட்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை.

நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி விலாசம் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. தேசம்மாக்கா பெயரிலும் ஒன்று எடுத்தேன். திறக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் வாரம் ஒரு தடவை திறந்து மூடிவைத்தேன். அதற்கு எந்த மெயிலும் வரவில்லை. அப்படி ஒரு விலாசம் இருப்பது யாருக்கும் தெரியாதே.

அடுத்த சித்திரையில் ஒருநாள் அக்கா மீன் கூடையோடு நேராகத் தடுப்புக்குள் வந்தார். கையில் ஒரு தபால் கார்டு. கொல்லத்திலிருந்து வந்திருந்தது.

"இந்தா, படி. இங்கிலீஷ்ல கீது. இது காயிதம் நைனா, நீ அழிக்க முடியாது."

எனக்கு அதைப் படிக்க வரவில்லை. ஓனர் வாங்கிப் படித்தார். ஏழுமலையோடு அதே கப்பலில் இருந்தவர் எழுதியிருந்தார். கப்பலை வாங்கியவன் பெயரை மாற்றிவிட்டு, ஆப்பிரிக்கா பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். சம்பளம் இல்லை, கரையில் இறங்க அனுமதி இல்லை, சாப்பாடு அரைவயிறு. எங்கள் வீட்டில் புகார் கொடுத்ததால் என்னை மட்டும் முதலில் விட்டார்கள், உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான், நீங்களும் புகார் கொடுங்கள் என்று எழுதி, கப்பலின் புதுப் பெயரும் துறைமுகத்தின் பெயரும் போட்டிருந்தார்.

அக்கா கூடையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். மறுநாள் ஓனர் பூத்தை என்னிடம் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே அவரோடு கப்பல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். ஓனருக்கு ஒரு கால் வராது. அந்த மாடிப்படியில் நாலு தடவை ஏறினார். அவர்தான் எனக்கு வேலை கொடுத்தவர். ஒரு நாளும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. அந்த மழை நாளில் ஒரு வார்த்தை கேட்டுகினு செய் என்று சொன்னார், அவ்வளவுதான்.

ஏழுமலை தீபாவளிக்கு முன்னால் வந்தான். தேசம்மாக்கா அவனைக் கையைப் பிடித்து பூத்துக்கு இழுத்து வந்தார். ஒல்லியாக, தாடியோடு, நெற்றியில் தழும்போடு நின்றான். ஓனர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பாத்துக்கோ நைனா," என்றார் அக்கா என்னிடம். "மூக்குக்குக் கீழே இப்பிடித்தான் இருப்பான்."

எல்லாரும் சிரித்தோம். என்னால் சிரிக்க முடிந்ததே பெரிதாக இருந்தது. ஏழுமலைக்கு விஷயம் புரியவில்லை. நான் சொன்னேன்: படம் வந்தது, முழுசா இறங்கவில்லை, நான் அழித்துவிட்டேன்.

அவன் முகத்தில் சிரிப்பு நின்றது.

"எந்தப் படம்ணா? அட்டையோட எடுத்தாங்களே, அதுவா?"

"எந்த அட்டை?"

நங்கூரமிட்டு நின்ற கப்பலைப் பார்க்க, கரையிலிருந்து ஒரு தொண்டு ஆள் படகில் வந்தாராம். கேமரா வைத்திருந்தார். ஆளாளுக்கு ஒரு போட்டோ எடுத்து, அவரவர் கொடுத்த விலாசத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஏழுமலைக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. பிஸ்கெட் பெட்டியைக் கிழித்து, கப்பலின் புதுப் பெயரையும், துறைமுகத்தின் பெயரையும், ஆபீசில் போய்ச் சொல்லும்மா என்றும் தமிழில் எழுதி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றானாம். கொல்லத்துக்காரரும் அப்படித்தான் நின்றார். அவர் ஊரில் படம் முழுதாக இறங்கியிருக்கிறது. அவர் வீட்டுக்காரர்கள் அந்த வாரமே மனு கொடுத்துவிட்டார்கள்.

கொல்லத்துக்காரர் வீட்டுக்கு வந்தது மாசியில். ஏழுமலை வந்தது ஐப்பசியில்.

அதன் பிறகு நான் அந்த வேலையை விட்டேன். மாடிக்கு மாடி கேபிள் இழுத்து வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கிற வேலைக்கு திருவொற்றியூர் போனேன், எர்ணாவூர் போனேன். வேலை செய்யாத மோடம் என்று எத்தனையோ வீடுகளில் என் கையில் கொடுத்தார்கள். அவற்றில் எதையும் ரீசெட் பண்ணும் முன், உள்ளே என்ன இருக்கிறது, இது யாருடையது என்று கேட்பேன். கேட்டால் சில பேர் எரிச்சல்படுவார்கள். பரவாயில்லை. முதலில் நான் போட்ட குப்பையைப் பார்ப்பேன், பிறகுதான் அடுத்தவர் சாமானைத் தொடுவேன். உங்களையும் யாராவது மேலே நின்று அவசரப்படுத்துவார்கள். அவருக்கும் நியாயம் இருக்கும். கஜேந்திரனுக்கு இருந்தது. அவர் அந்தக் கப்பலில் போய் மகளுக்குக் கல்யாணம் பண்ணினார். அதை நான் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மார்க்கெட் இருபது நிமிஷம்தான். கஜேந்திரனுக்கு ஐம்பது நிமிஷம் இருந்தது.

அட்டையைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு ஏழுமலை என் மேல் கோபப்படவில்லை. தேசம்மாக்கா அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக விரித்து அளவு காட்டினான்.

"பெரிய எழுத்துலதாண்ணா எழுதினேன்," என்றான். "தெரியணும்னு பெரிய எழுத்துலதான் எழுதினேன்."